ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டு!

கார் வாங்கப் போன அன்றைக்கு ஷோரூமில் என்னென்ன கேட்டீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்டிருப்பீர்கள். ‘ஏ.சி. பின் சீட் வரைக்கும் வருமா?’ என்று வீட்டம்மா கேட்டிருப்பார். வெள்ளையா, சில்வரா என்று குடும்பமே உட்கார்ந்து ஓட்டெடுப்பு நடத்தியிருக்கும். பையன் பாட்டுப் பெட்டியை அலற விட்டுப் பார்த்திருப்பான்.

‘பிரேக் எப்படி?’ என்று யாராவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நாம் காசு கொடுப்பது வண்டி ஓடுவதற்குத்தானே... நிற்பதற்கும் யாராவது காசு கொடுப்பார்களா!

ஷோரூமில் கேட்காமல் விட்டதால் பெரிய நஷ்டமில்லை. கம்பெனிக்காரன் போட்டிருக்கிற பிரேக் நல்ல பிரேக்காகத்தான் இருக்கும். வம்பு ஆரம்பிப்பது நாலைந்து வருஷம் கழித்து. மெக்கானிக் ஒரு நாள் போன் பண்ணி, “சார், பேடு போயிடுச்சு. டிஸ்க்கும் மாத்தணும். எதைப் போடட்டும்?” என்பார். இன்ஜின் ஆயில் என்றால் “நல்லதாவே ஊத்துப்பா” என்கிறவர்கள்கூட, இந்தக் கேள்விக்கு மட்டும், “ஏதாவது சுமாரா பார்த்துப் போடுப்பா” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் ‘சுமாரா’வைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

கொத்தமங்கலம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காரைக்குடிக்குக் கிட்டே, பள்ளத்தூர், கானாடுகாத்தானை ஒட்டி இருக்கிற செட்டிநாட்டு ஊர். ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். பர்மா தேக்கில் தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சில வீடுகள் இப்போது ஹோட்டலாகி, வெள்ளைக்காரர்கள் வளவில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிடுகிறார்கள். பல வீடுகளில் பங்காளிகள் எல்லாரும் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்க, பூட்டுத்தான் குடியிருக்கிறது. பொங்கல், படைப்பு, கல்யாணம் என்றால் கதவு திறக்கும்.

அந்த வீடுகளின் ஷெட்டில் நிற்கிற கார்களுக்கும் அதே கதைதான். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடும். மிச்ச நாளெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழே தூக்கம்.

எங்கள் பெரியப்பச்சி மகன், அண்ணன், சிங்கப்பூரில் இருக்கிறார். கொத்தமங்கலம் வீட்டில் பெரியாத்தா மட்டும். வயது 81. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு சின்ன கார் வாங்கி வீட்டில் விட்டிருந்தார். அது மொத்தமாக ஓடியதே 22,000 கிலோமீட்டர்தான். பெரியாத்தாவுக்கு மதுரையில் கண் ஆஸ்பத்திரி. நூறு கிலோமீட்டருக்குக் கிட்டே வரும். கூப்பிட்டால் வருகிற டிரைவர் ஒருவர் அழைத்துப் போய்வருவார்.

போன தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்த டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். “அண்ணே, பிரேக்கை அமுக்கினா கால்ல தடதடங்குது. கரகரன்னு சத்தமும் வருது. மேலூர் தாண்டி ரோட்டுல ஆடு குறுக்க வந்துச்சு... நின்னுச்சு. ஆனா நினைச்ச இடத்துல நிக்கலை.”

நினைத்த இடத்தில் நிற்கவில்லை! பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவிக்கு இந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரைக்குடியிலிருந்து மெக்கானிக் தம்பி வந்து முன் சக்கரம் இரண்டையும் கழற்றினார். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப் வீடியோவில் ஆஜர். கழற்றியதைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதான். “ஏம்ப்பா, வண்டி ஓடவே இல்லையே. எப்படித் தேஞ்சிச்சு?”

தேயவில்லை. அதுதான் விஷயம்.

இங்கே ஒரு நிமிஷம் பாடம் நடத்திவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். இயற்பியலில் எனக்கிருக்கும் அதிகாரம் ரொம்பக் கம்மி. ஆனால், இது பெருக்கல் கணக்குத்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு இருக்கிறதே, அதுதான் டிஸ்க். வார்ப்பிரும்பில் செய்தது. அதை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிப்பது காலிப்பர். அந்த இடுக்கியின் இரண்டு பற்கள்தான் பேட். நீங்கள் பெடலை மிதித்ததும் பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. வண்டியின் வேகமெல்லாம் சூடாக மாறுகிறது. ஆயிரம் கிலோ கார் ஒன்று நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுதாக நிற்கும்போது பிறக்கிற சூட்டைச் சேர்த்து வைத்தால், ஒண்ணேகால் லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நாலு பேருக்கு காபி! அத்தனை சூட்டையும் சில விநாடிகளில் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டு முன் டிஸ்க்கும் நாலு பேடும்தான்.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். தெருவில் நாற்பதில் போகும்போது ‘நல்லாத்தானே பிடிக்குது’ என்று தோன்றுகிற பேட், நாற்கரச் சாலையில் எண்பதில் போகும்போது நாலு மடங்கு வேலை பார்க்க வேண்டும். மலிவு பேடின் குட்டு அங்கேதான் உடையும்.

சரி, கொத்தமங்கலத்துக்கு வருவோம். ஓடுகிற வண்டியில் டிஸ்க்கின் மேல் துரு தங்காது. ராத்திரி மழையில் நின்ற காரில், காலையில் டிஸ்க் செம்பட்டையாக இருக்கும். பயப்படாதீர்கள். நாலு தடவை பிரேக் பிடித்தால் பேடே துடைத்துவிடும். ஆனால், மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் துரு மேலே படிவதோடு விடாது. இரும்பை அரித்து, அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் போட்டுவிடும். அந்தப் பள்ளத்தை எந்தப் பேடாலும் துடைக்க முடியாது. பேடுக்கு முதுகில் ஓர் இரும்புத் தகடு உண்டு. அதற்கும் துரு பிடித்து, ஒட்டியிருக்கிற உராய்வுப் பொருளையே பெயர்த்துத் தள்ளும். காலிப்பர் நகர்கிற பின்கள் இறுகிக்கொள்ளும். ஒரு பேட் மட்டும் உழைக்கும், இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும். (ஆபீஸில் பார்த்திருப்பீர்களே!)

மெக்கானிக் தம்பி வெர்னியரை வைத்து டிஸ்க்கை அளந்தார். எனக்கு அங்கேயே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ ‘மினிமம்’ கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று கம்பெனியே பொறித்திருக்கும். புதிதில் 17 மில்லிமீட்டர் என்றால், 15-க்குக் கீழே போனால் தூக்கிப்போடு என்பது மாதிரி ஒரு கணக்கு. ஒவ்வொரு மாடலுக்கும் எண் வேறு. அதைத் துடைத்துப் படித்துவிட்டு அளக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் விட்டுவிடாதீர்கள். கண்ணால் பார்த்து, விரல் நகத்தால் சுரண்டி, “மாத்திரலாம் சார்” என்கிறவர்கள்தான் அதிகம்.

அண்ணன் காரில் கனம் சரியாக இருந்தது. மேற்பரப்புதான் போயிருந்தது.

“அப்ப லேத்துல குடுத்துச் சீவிட்டா என்ன?” என்றார் அண்ணன். நல்ல யோசனைதான். பள்ளம் மேலோட்டமாக இருந்து, சீவிய பிறகும் மினிமத்துக்கு மேலே கனம் மிஞ்சுமானால், தாராளமாகச் செய்யலாம். “இது ஆழமா இருக்குண்ணே. பள்ளம் மறையிற வரைக்கும் சீவினா மினிமத்துக்குக் கீழ போயிரும்” என்றார் தம்பி. கனம் குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். சூடு தாங்காமல் விரிசல் விடலாம். ஆகவே, இரண்டு டிஸ்க்கும் புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். செருப்பு மாதிரிதான். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அண்ணன் விடவில்லை. “டிஸ்க்கு, பேடு, ஆயில், கூலி எல்லாம் எவ்வளவு?”

“ஏழாயிரத்து இருநூறு வருதுங்க.”

“பேடை மட்டும் சுமாரா ஒண்ணு போட்டா?”

“எண்ணூறுல முடிச்சிரலாம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “நீயே சொல்லு தம்பி. வண்டி ஓடினதே இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். அதுக்கு ஏழாயிரமா?”

இந்த இடத்தில்தான் என் பி.காம். முதல் தடவையாகக் குடும்பத்துக்கு உபயோகப்பட்டது.

கணக்குப் பதிவியலில் தேய்மானத்தை இரண்டு விதமாகப் போடுவார்கள். மெஷின் எவ்வளவு ஓடியது என்று பார்த்து, அதற்கேற்ப மதிப்பைக் குறைப்பது ஒன்று. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று குறைப்பது இன்னொன்று. அண்ணன் முதல் கணக்கில் பிரேக்கைப் பார்க்கிறார். துருவோ இரண்டாவது கணக்கில் வேலை செய்கிறது. ஓடாத வண்டிக்கும் காலம் என்கிற தேய்மானம் உண்டு.

“அண்ணே, 7,200-ஐ ஒன்பது வருஷத்துக்கு வகுங்க. வருஷத்துக்கு 800. மாசத்துக்கு அறுபத்தேழு ரூபா. பெரியாத்தா நினைச்ச இடத்துல வண்டி நிக்கிறதுக்கு மாசம் அறுபத்தேழு ரூபா ஜாஸ்தியா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஐந்தொகை போட்டுப் பழகின ஊர்க்காரர்களிடம் உருக்கமாகப் பேசுவதைவிட வகுத்துக் காட்டுவது மேல். “சரி, போடச் சொல்லு” என்றார்.

இத்தனைக்கும் உள்ளே கட்டிலில் படுத்திருந்த பெரியாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அப்பு, எனக்காகச் செலவு பண்ணாதியப்பா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்” என்று குரல் வந்தது. கண் தெரியாத 81 வயதுக்காரர் பஸ்ஸில் போகிறாராம்! நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்களைப் பற்றிய எந்தச் செலவும் வீண் செலவுதான். அதனால்தான் அவர்களிடம் கேட்காமல் நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, எதை வாங்குவது? மெக்கானிக் தம்பியோடு நானும் காரைக்குடிக்குப் போனேன். உதிரி பாகக் கடையில் பொதுவாக மூன்று ரகம் கிடைக்கும். கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி முதல் ரகம். அந்த கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கிற தயாரிப்பாளர்கள், தங்கள் சொந்தப் பெயரில் விற்கிற பெட்டி இரண்டாவது. பெரும்பாலும் தரத்தில் குறையாது, விலை கொஞ்சம் குறையும். மூன்றாவது ரகத்துக்குப் பெட்டி உண்டு, பெயரும் உண்டு, அப்பா அம்மா யாரென்றுதான் தெரியாது.

இரண்டாவது ரகத்தில் தமிழ்நாடு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் ஆரம்பித்தது. ரானே பிரேக் லைனிங் 1964. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974. உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற வண்டிகளை நிறுத்துகிற சரக்கு நம் ஊரிலிருந்து போகிறது. பக்கத்திலேயே கிணற்றை வைத்துக்கொண்டு நாம் ஏன் பெயர் தெரியாத குட்டையில் தண்ணீர் மொள்ள வேண்டும்?

ஆனால், நல்ல பெயருக்குத்தான் போலியும் வரும். நாங்கள் போன முதல் கடையில் ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார்கள். பெயர் பெரிய பெயர். அச்சு மட்டும் லேசாக மங்கல். எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் கோணல். தயாரித்த மாதம், வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. “பில் வேணாம்னா இன்னும் நூறு குறைச்சுக்கலாம்” என்றார் கடைக்காரர். தம்பி பெட்டியைத் திறந்து பேடை எடுத்துப் பார்த்தார். முதுகுத் தகட்டில் தொடர் எண் எதுவும் இல்லை. “வேற கடை பார்க்கலாம்ணே” என்று என் காதில் சொன்னார்.

பில் இல்லாத நூறு ரூபாய் தள்ளுபடி என்பது, நாளைக்கு ஒன்று நடந்தால் ‘நான் விற்கவே இல்லை’ என்று சொல்வதற்கு நாம் தருகிற முன்பணம். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. பில் வேண்டாம் என்பதற்கு இருந்த சாக்கிலும் பத்து சதவிகிதம் போய்விட்டது.

இரண்டாவது கடையில் சரியான சரக்கு கிடைத்தது. அந்தப் பேடின் முதுகில் ஒரு வரிசை எழுத்தும் எண்ணும் இருந்தன. பல பேடுகளில் அந்த வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஃப் எஃப், ஜி ஜி என்று. ஏதோ கம்பெனி ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பேடின் பிடிமானம். இரண்டாவது எழுத்து நன்றாகக் கொதித்த பிறகு மிஞ்சுகிற பிடிமானம். ‘இ’ என்றால் குறைவு, ‘எஃப்’ நடுத்தரம், ‘ஜி’ அதிகம். வீட்டு காருக்கு எஃப் எஃப் நன்றாகவே போதும். முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்று இருந்தால், சூடானதும் சோர்ந்துபோகிற ஆசாமி என்று அர்த்தம். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அந்த ஆசாமியை நம்ப வேண்டாம்.

ஓட்டை போட்ட டிஸ்க், கோடு கிழித்த டிஸ்க் என்றெல்லாம் பையன்கள் கேட்பார்கள். ரேஸ் வண்டிக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வண்டிக்குக் கம்பெனி போட்ட அதே சாதா டிஸ்க் போதும்.

மலிவு பேட் உண்மையில் மலிவா என்று ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். 2,000 ரூபாய் பேட் 40,000 கிலோமீட்டர் உழைத்தால், கிலோமீட்டருக்கு 5 பைசா. 900 ரூபாய் பேட் 15,000 கிலோமீட்டரில் கையை விரித்தால் 6 பைசா. இதில் கடினமான மட்டப் பேட் டிஸ்க்கையும் சேர்த்துத் தின்றிருந்தால், அந்தச் செலவு தனி. மூன்று தடவை கொடுக்கிற கூலி தனி. ஆக, மலிவுச் சரக்குதான் விலை அதிகம்!

பேடுக்கு உறை போடுகிற யோசனையை உலகத்துக்குச் சொன்னது யார் தெரியுமா? கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு போனார். எங்கே? அம்மா வீட்டுக்கு! வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டைமேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்தது அப்படித்தான். அம்மாவைப் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் பிரேக்கின் அருமை தெரியும்போல.

கொத்தமங்கலம் காருக்குப் புது டிஸ்க், புது பேட் போட்டு, பிரேக் ஆயிலையும் மாற்றினோம். பலர் மறக்கிற விஷயம் இந்த ஆயில்தான். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ ரக ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவி சேர்ந்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தம்பி சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. டிரைவரை உட்கார வைத்து, காலியான ரோட்டில் அறுபது வரை போய் நிதானமாக இருபதுக்குக் குறைப்பது, மறுபடி அறுபது, மறுபடி இருபது என்று நடுநடுவே ஆறவிட்டுப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டவைத்தார். புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். புதுமணத் தம்பதி மாதிரி. முதல் நாளே அவசர பிரேக் போட்டு மிரட்டக் கூடாது.

மறுநாள் பெரியாத்தா மதுரைக்குப் போய்விட்டு வந்தார். வழியில் என்ன நடந்தது என்று டிரைவரிடம் கேட்டேன். “ஒண்ணும் நடக்கலைண்ணே” என்றார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வண்டி நிற்கலாம். அப்பா அம்மாவுக்கென்று வாங்கி விட்டது. மூன்று காரியம் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைத்தால் பாட்டரிக்குக்கூடப் பெரிய பிரயோஜனமில்லை, பிரேக்குக்குச் சுத்தமாக இல்லை. ரொம்ப நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம், பின் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கழுவிய வண்டியை ஈரத்தோடு அப்படியே ஷெட்டில் ஏற்றாதீர்கள், ஒரு நடை ஓட்டிக் காயவிட்டு நிறுத்துங்கள்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறவர்கள் ‘இது நமக்கில்லை’ என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். அந்த வண்டியில் காலை எடுத்ததுமே மோட்டார் வேகத்தைக் குறைத்து பாட்டரிக்குக் கரண்ட் அனுப்பிவிடுகிறது. பேடுக்கு வேலை கம்மி. ஆகவே, தினமும் ஓடினாலும் டிஸ்க்கில் துரு சேர வாய்ப்பு உண்டு. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3, ஐ.டி.4 எலெக்ட்ரிக் கார்களில் பின் சக்கரத்துக்குப் பழைய டிரம் பிரேக்கையே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த தடவை மெக்கானிக் போன் பண்ணி, “எதைப் போடட்டும் சார்?” என்று கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். டிஸ்க்கை அளந்து எண்ணைச் சொல்லு. பெட்டியைப் பிரிக்காமல் எனக்குக் காட்டு. கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் டிக்கியில் வை. இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காதவர்தான் உங்கள் மெக்கானிக்.